இடது காதில் வைத்த விரல்

புஸ்பராணியின் வீட்டில் யார் தண்ணீர் அள்ளுவது, யார் பாணுக்கு வரிசையில் நிற்பது, யார் கோழிக்கூட்டைக் கழுவுவது என்பதையெல்லாம் கடதாசி விளையாட்டுத்தான் தீர்மானித்தது. ஊரடங்குச் சட்டம் போட்ட பின்னேரங்களில் வாசற்கதவைச் சாத்திவிட்டு, நடு அறையில் பாயை விரித்து எல்லோரும் வட்டமாக இருப்பார்கள். ஆட்டத்தின் பெயர் கழுதை. கடைசியில் கையில் தாளோடு மிஞ்சுகிறவர்தான் கழுதை. அன்றைய வேலை அவருடையது. முறைப்பாடு கிடையாது, முகத்தை நீட்டுவது கிடையாது. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் சண்டையில்லாமல் வேலை நடக்கவேண்டும் என்று மூத்தவளான புஸ்பராணி கண்டுபிடித்த வழி அது. அந்த வழியைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தேத்தண்ணி ஆறுவதற்குள் யாரும் பழகிவிடக்கூடிய விளையாட்டு. ஐம்பத்திரண்டு தாளையும் எல்லோருக்கும் பகிர வேண்டும். ஒருவர் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் இறக்கினால் மற்றவர்களும் ஆட்டின்தான் போட வேண்டும்; கறுப்பு ஸ்கோப்பன் இறக்கினால் ஸ்கோப்பன். எல்லோரும் போட்டு முடிந்தால் அந்தத் தாள்கள் செத்தவை, ஒதுக்கிவிடலாம். பெரிய தாள் போட்டவர் அடுத்ததை இறக்குவார். யாரிடமாவது அந்த இனம் இல்லையென்றால் அவர் வேறு எதையாவது போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்த கணத்தில், பெரிய தாள் போட்டிருந்தவர் கீழே கிடப்பதையெல்லாம் அள்ளித் தன் கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கை வெறுமையானவர் தப்பினார். அவ்வளவுதான்.

அவர்களுடைய கடதாசிக் கட்டில் டைமன் ஏழு எப்போதோ தொலைந்துபோயிருந்தது. புஸ்பராணி பிஸ்கட் பெட்டியின் அட்டையை அளவாக வெட்டி, சிவப்பு மையால் ஏழு கட்டம் கீறி, மூலைகளையும் வட்டமாக நறுக்கி அந்த இடத்தில் வைத்தாள். முன்பக்கம் பார்த்தால் அசல் தாள் போலவே இருக்கும். முதுகுதான் மண்ணிறம். அதனால் டைமன் ஏழு யாருடைய கையில் இருக்கிறது என்பது மட்டும் அந்த வீட்டில் ஒருபோதும் இரகசியம் இல்லை.

அவள் எதையும் அப்படித்தான் செய்வாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், துறைமுக வீதியை அண்டிய கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற வேலைக்குப் போனாள். தராசின் முள் நடுவில் வந்து நிற்காமல் அவள் கையிலிருந்து ஒரு பை வெளியே போகாது. கடதாசியிலும் அதே கண்தான். எந்தத் தாள் விழுந்தது, எது இன்னும் விழவில்லை என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். ஆகவே அவள் கழுதையானது மிகக் குறைவு.

“அக்காவோட விளையாடுறதும் சங்கக்கடையில சீனி வாங்கிறதும் ஒண்டுதான்,” என்பான் தம்பி ஆனந்தராசா. “ஒரு மணி கூட வராது.”

“உனக்கு ஒரு மணி கூடப் போட்டா மற்றவைக்குக் குறையுமடா,” என்பாள் அவள்.

நடுவில் பிறந்தவள் இராசமலர். கையில் நல்ல தாள் வந்தால் சிரிப்பாள், கெட்ட தாள் வந்தால் பெருமூச்சு விடுவாள். அவளை வெல்வதற்குத் தாளைப் பார்க்கத் தேவையில்லை, முகத்தைப் பார்த்தால் போதும். கிணற்றடி வேலை பெரும்பாலும் அவளுக்குத்தான் விழும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு வேறு. அடுத்த வீட்டுக் கனகசுந்தரமும் மனைவி நல்லம்மாவும் முன்னூற்றிநாலு விளையாட வருவார்கள். அவர் அரச மருந்தகத்தில் மருந்து கலந்து இளைப்பாறியவர். முன்னூற்றிநாலில் இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர வேண்டும். அவர்கள் ஒரு சோடி. புஸ்பராணியும் ஆனந்தனும் மறு சோடி. அந்த மனிதரை நேராக வெல்வது கடினம் என்று கண்டபின் புஸ்பராணி தம்பிக்குச் சில சைகைகளைச் சொல்லிக்கொடுத்தாள். இடது காதைத் தொட்டால் என்னிடம் ஆட்டின் இல்லை. வலது காதென்றால் ஸ்கோப்பன் இல்லை. பின்கழுத்தைத் தடவினால் கிளாவர் இல்லை. ஆனந்தன் அப்போது மீசை அரும்பாத வயது. ஒரே பின்னேரத்தில் அத்தனையையும் பிடித்துக்கொண்டான்.

“இதை ஆருக்கும் சொல்லக்கூடாது,” என்றாள் அவள். “மலருக்கும் சொல்லக்கூடாது. நாளைக்கு நீ கட்டப்போறவளுக்கும் சொல்லக்கூடாது.”

“சொன்னா?”

“சொன்னா நீ என்ர தம்பி இல்லை.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வென்றார்கள்.

“ஒரே வயித்தில பிறந்ததாலயோ என்னவோ, ஆளுக்காள் கையைப் பார்த்த மாதிரியெல்லே விளையாடுதுகள்,” என்றாள் நல்லம்மா.

“பேசாமல் போடும்,” என்றார் கனகசுந்தரம். “உம்மட கையைத்தான் ஊரே பார்க்குது. சாமிக்குக் காட்டுற மாதிரி நீட்டிப் பிடிச்சிருக்கிறீர்.”

ஆனந்தன் வளர்ந்தான், மின்சார வேலை பழகினான், இறக்கக்கண்டியிலிருந்து பூரணியைக் கலியாணம் செய்துகொண்டு வந்தான். பூரணி வந்ததும் பாயில் நாலாவது இடம் நிரம்பியது. அவளுக்குக் கழுதை விளையாட்டைச் சொல்லிக்கொடுத்ததும் புஸ்பராணிதான். “மச்சாள், இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீங்களே,” என்று பூரணி சிரிப்பாள். பிறகு தோற்றுப்போய் வாளியைத் தூக்குவாள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியது. ஊரடங்கு பகலிலும் வந்தது. ஒழுங்கையில் வீடு வீடாகச் சனம் வெளிக்கிட்டது. கனகசுந்தரமும் நல்லம்மாவும் கொழும்புக்குப் போனார்கள். அவர்கள் போய்க் கொஞ்ச நாளிலேயே வீட்டின் ஓடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். மழை நேராக அந்த நடு அறைக்குள் விழுவதைப் புஸ்பராணி வேலிக்கு மேலால் பார்த்தாள்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அவள் சங்கக்கடையிலிருந்து வேளைக்கு வந்தபோது, குசினிக்குள் ஆனந்தனும் பூரணியும் எதிரெதிரே நின்றார்கள். பூரணியின் விரல் காதில் இருந்தது. ஆனந்தன் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். புதிதாகக் கட்டினவர்கள், ஏதாவது செல்லக் கதையாக இருக்கும் என்று நினைத்து, புஸ்பராணி ஒரு இருமல் இருமிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

அதற்கடுத்த ஊரடங்கு நாளில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆனந்தன் கதையைத் தொடங்கினான். பூரணியின் மாமன் அருளம்பலம் இறக்கக்கண்டியில் படகு வைத்திருப்பவர். கடல் அடங்கும் நாள் பார்த்து இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றப்போகிறார்.

“மூண்டு பேருக்குத்தான் இடமாம்,” என்றான் ஆனந்தன்.

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதி அடங்கியது.

“எனக்குத் தனிய நிக்க ஏலாது,” என்றாள் இராசமலர். “இப்பவே சொல்லிப்போட்டன்.”

“ஒராள் நிக்கத்தானே வேணும்,” என்றான் ஆனந்தன், பாயைப் பார்த்தபடி. “வீட்டை விட்டா ஓட்டைக் கழட்டிப்போடுவாங்கள். பக்கத்து வீட்டைப் பாருங்கோவன்.”

அது தாயின் சீதன வீடு. பெண்பிள்ளைக்குப் போகிற வீடு. மூத்தவள் என்பதால் புஸ்பராணியின் பெயரில் எழுதியிருந்தது. மாப்பிள்ளைதான் வரவில்லை. அந்தக் கதையை அப்போது யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. நான் நிற்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் தனியே ஒரு இரவு படுத்ததில்லை. மற்றவர்கள் வெளியே போன பகல் வேளைகளில்கூட வானொலியைப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்வாள். அவளுக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. மூத்தவளை விட்டுவிட்டுப் போவதா என்று ஒருவராவது கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள்.

“எங்கட வழமைப்படி செய்வம் அக்கா,” என்றான் ஆனந்தன். “காட்ஸ் போடுவம். கழுதை ஆரோ, அவர் நிக்கட்டும். பிறகு ஆரும் ஆரையும் குறை சொல்ல ஏலாது.”

அவளுக்கு மனம் குளிர்ந்தது. இவ்வளவு பெரிய காரியத்துக்கும் பிள்ளைகள் தன்னுடைய வழியைத்தான் நம்புகிறார்கள் என்று நினைத்தாள். “ஓம்” என்று முதலில் சொன்னவளும் அவள்தான். அதோடு, நேரான ஆட்டத்தில் தான் தோற்கப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளே தாளைக் குலைத்தாள், அவளே பகிர்ந்தாள். ஆனந்தனுக்கு அடுத்த இடத்தில் அவள், அதற்கடுத்து இராசமலர், கடைசியில் பூரணி. தொடக்கத்தில் ஆட்டம் வழமைபோலப் போனது. பிறகு ஆனந்தனின் முறை வந்தது. அவன் தாளை இறக்க முன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். பூரணி கூந்தலை ஒதுக்கி இடது காதுக்குப் பின்னால் செருகினாள். விரல் தோட்டில் கொஞ்ச நேரம் நின்றது. ஆனந்தன் சின்ன ஆட்டின் ஒன்றை இறக்கினான். புஸ்பராணியிடம் இருந்தது ராசா மட்டும். போட்டாள். இராசமலர் ஒன்பதைப் போட்டாள். பூரணி வெட்டினாள்.

புஸ்பராணி நாலு தாளையும் அள்ளினாள். கூந்தல்தானே என்று நினைத்தாள்.

இன்னும் சில சுற்றுகள் போயின. ஆனந்தன் மறுபடி நிமிர்ந்தான். இந்த முறை பூரணியின் விரல் வலது காதில் இருந்தது. அங்கே ஒதுக்குவதற்குக் கூந்தல் ஒன்றும் இல்லை. எல்லாம் இறுக்கி முடிந்திருந்தது. ஆனந்தன் ஸ்கோப்பன் இறக்கினான். வெட்டு விழுந்தது. மறுபடி அள்ளியது புஸ்பராணி.

குசினிக்குள் கண்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இருமிவிட்டுத் தான் விலகிப்போனதும் நினைவுக்கு வந்தது. அவள் பூரணியைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்றும் இல்லாமல் முகத்தை வைத்திருக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். சைகை பார்த்த பிறகு உடனே தாளைத் தொடக்கூடாது, ஒரு மூச்சு விட்டுப் போட வேண்டும் என்று. அவன் ஒரு மூச்சு விட்டுத்தான் போட்டான்.

இராசமலர் முதலில் தப்பினாள். எப்போதும் கடைசிவரை மாரடிக்கிறவள், அன்றைக்குச் சோலியில்லாமல் கையை வெறுமையாக்கிவிட்டாள். தப்பினவள் சிரிக்க வேண்டும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி அழத் தொடங்கினாள். இன்னும் மூன்று பேர் கையில் தாள் இருந்தது. யார் நிற்கப்போவது என்று முடியவில்லை. அதற்கு முன்னமே அவள் அழுதாள்.

புஸ்பராணி கையிலிருந்த தாள்களை இனம் இனமாக அடுக்கினாள். நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக் கள்ளங்களும் வெளியே வரும். அது பரவாயில்லை, கனகசுந்தரம் எங்கேயோ கொழும்பில் இருக்கிறார். ஆனால் சொன்ன பிறகு இந்த மூன்று பேரும் வாயைத் திறக்க வேண்டி வரும். அக்கா, உங்களை விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தோம் என்று ஒருவராவது அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டி வரும்.

பூரணி பின்கழுத்தைத் தடவினாள். ஆனந்தன் ஒரு மூச்சு விட்டுக் கிளாவர் இறக்கினான்.

“போடுங்கோ அக்கா,” என்றான்.

அவள் போட்டாள். அள்ளினாள். பூரணி தப்பினாள், பிறகு ஆனந்தன் தப்பினான். கடைசியில் அவள் கையில் விசிறி போலத் தாள்கள் நிறைந்திருந்தன.

“வீடு அக்காட சீதனம்தானே,” என்றான் ஆனந்தன், தாள் முடிந்த பிறகு. “உங்களிட்ட இருக்கிறதும் ஒரு வகையில நல்லதுதான்.”

“ஓம்,” என்றாள் புஸ்பராணி. “தேத்தண்ணி போடட்டோ?”

ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில் அவர்கள் நிலாவெளி பஸ்ஸில் ஏறினார்கள். புஸ்பராணி தோசையும் சம்பலும் வாழையிலையில் கட்டிக்கொடுத்தாள். மூன்று கட்டும் ஒரே அளவு. இராசமலர் கட்டிப்பிடித்து அழுதாள். பூரணி காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆனந்தன், “போய்ச் சேர்ந்த உடன உங்களையும் எடுப்பிக்கிறன் அக்கா,” என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அதனால் அவள் அதை நம்பவில்லை.

தனியே இருந்த முதல் மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வானொலி பாடியது. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், முற்றம் கூட்டினாள், மழைக்கு முன் ஓடுகளைச் சரிபார்த்தாள். பாயை மட்டும் நடு அறையில் விரிப்பதில்லை.

பிறகு சங்கக்கடைக்குக் கணக்குப் பார்க்க ஸுல்பிகா வந்தாள். கிண்ணியாக்காரி. பாதை என்று சொல்கிற மிதவையில் ஏறிக் குடாவைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். அடிக்கடி அது ஓடாது. ஓடாத நாட்களில் அவள் புஸ்பராணியின் வீட்டில் தங்குவாள். முதல் நாள் அலுமாரியில் கடதாசிக் கட்டைக் கண்டு அவள்தான் எடுத்தாள்.

“விளையாடத் தெரியுமா புஸ்பக்கா?”

“தெரியும். விளையாடுறேல்லை.”

“ரெண்டு பேருக்குப் பொழுது போகணுமே. சொல்லித் தாங்க.”

இரண்டு பேர் விளையாடும் கழுதையில் பாதித் தாள் உன் கையில், மீதித் தாள் என் கையில். உன்னிடம் இல்லாதது எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை, சைகை காட்டுவதற்கு ஆளும் இல்லை. ஸுல்பிகாவுக்கு அது கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது.

“இது என்ன விளையாட்டு? ரெண்டு பேர்ல ஒருத்தி எப்பவும் கழுதைதானே.”

“நாலு பேர் இருந்தாலும் ஒருத்திதான் கழுதை,” என்றாள் புஸ்பராணி. “இதில என்னைக் கழுதை ஆக்கினது ஆர் எண்டாவது தெரியும்.”

ஸுல்பிகா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளைக் குலைத்தாள்.

அகதிகளைத் திருப்பி அனுப்பிய காலத்தில் ஆனந்தன் வந்து சேர்ந்தான். பூரணி கையில் ஒரு பெண்குழந்தை. இராசமலர் மண்டபம் முகாமில் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். ஆனந்தன் வாசலில் நின்று கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

“ஒரு ஓடும் போகேல்லை, என்ன?” என்றான்.

“போகேல்லை,” என்றாள் அவள்.

அவர்களுக்குப் பெரிய அறையைக் கொடுத்தாள். குழந்தைக்கு ஏணை கட்டிக் கொடுத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவன் பேசும்போது அவள் அவனுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்த ஒரு பின்னேரம் கரண்ட் நின்றது. பாதை ஓடாததால் ஸுல்பிகாவும் அங்கே இருந்தாள். ஆனந்தன் பெட்டியைத் திறந்து, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த புதிய கடதாசிக் கட்டொன்றை எடுத்தான். மேலே கண்ணாடித் தாள்கூட உரிக்கவில்லை.

“அக்கா, வாங்கோ. நாலு பேர் இருக்கிறம். பழைய மாதிரிக் கழுதை போடுவம். கழுதை போய்த் தண்ணி அள்ளட்டும்.”

புஸ்பராணி அலுமாரிக்குப் போய்ப் பழைய கட்டை எடுத்துவந்தாள். “இது போதும்,” என்றாள். பாயை விரித்தாள். பகிர்ந்தாள். எல்லோரும் தாளை எடுத்து அடுக்கிய பிறகு, தன் கையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“பூரணி, காதைத் தொடாமல் விளையாடு பிள்ளை.”

பூரணியின் முகம் கறுத்தது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “இவர்தான் மச்சாள்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

“அப்பவே தெரியுமோ?” என்றான் ஆனந்தன்.

“ரெண்டாந்தரமே தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் அக்கா சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா நீ ஏதாவது பதில் சொல்லியிருப்பாய். அதை நான் கேக்க வேண்டி வந்திருக்கும்,” என்றாள் புஸ்பராணி. “இறக்கு. உன்ர முறை.”

அவன் இறக்கினான். ஆட்டம் நடந்தது. பூரணி இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டு, தாள் போட மட்டும் எடுத்தாள். ஸுல்பிகா முதலில் தப்பினாள், பிறகு பூரணி. கடைசியில் அக்காவும் தம்பியும் மிஞ்சினார்கள். ஆளுக்கு இரண்டு தாள். புஸ்பராணியிடம் ஸ்கோப்பன் ஒன்பதும், முதுகு மண்ணிறமான டைமன் ஏழும். அவனிடம் இருப்பவை எவை என்று அவளுக்குத் தெரியும்: டைமன் நாலு, எல்லாவற்றிலும் பெரிய டைமன் ஆசு.

அவள் டைமன் ஏழை இறக்கினாள். அவன் நாலைப் போட்டால் அவளே மறுபடி இறக்கி அகப்படுவாள், அவன் தப்புவான்; பெரிய ஆசைப் போட்டால் அகப்படுவது அவன். அவன் ஆசைப் போட்டான்.

ஸுல்பிகாவுக்கும் அது விளங்கியது; ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புஸ்பராணி ஆசை எடுத்து அவன் முழங்காலருகே திருப்பி வைத்தாள்.

“உன்ர கையில நாலு இருக்கு. அதைப் போடு.”

“பரவாயில்லை அக்கா. நான் தோக்கிறன். நான் அள்ளுறன் தண்ணியை.”

“என்னோட ஒருக்கா கள்ளமாய் விளையாடினது காணும்,” என்றாள் அவள். “நாலைப் போடு.”

அவனுடைய முகத்தை அவள் அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். இந்த முறை அதில் எல்லாம் இருந்தது. அவன் நாலைப் போட்டான். அவள் ஸ்கோப்பன் ஒன்பதை இறக்கினாள். அவனிடம் ஸ்கோப்பன் இல்லை. ஆசைப் போட்டு வெட்டினான். அவன் கை வெறுமையாயிற்று.

புஸ்பராணி இரண்டு தாளையும் அள்ளினாள். மற்றவற்றையும் சேர்த்து ஓரம் தட்டி, சதுரமாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு அலுமாரியில் வைத்தாள். பிறகு வாளிகளை எடுத்தாள். ஆனந்தன் எழுந்து கையை நீட்டினான்.

“விடு,” என்றாள். “இண்டைக்கு நான் கழுதை.”

மழையில் தலைக்கு ஒன்றும் போடாமல் கிணற்றடிக்குப் போனாள். கப்பி கிறீச்சிடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நாலு வாளியும் நிறைத்துத் தானே தூக்கிவந்து குசினி வாசலில் வரிசையாக வைத்தாள். ஆனந்தன் அதுவரையும் கதவுநிலையைப் பிடித்தபடி நின்றான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போய்த் தலையைத் துவட்டிக்கொண்டாள்.